ஆமைக்கும் வழி விடுவோம்!

மூன்றாம் ஆண்டு, விலங்கியல்

‘ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் உருப்படாது’ என்பது நம் மக்களிடையே வழங்கும் பழமொழி. ஆமை புகுந்த சாலை என்னவாகும் என்று அந்தப் பழமொழியைச் சொன்ன முன்னோர் சொல்லிவிட்டுப் போகவில்லை. அவர்கள் காலத்துச் சாலையில் மாட்டுவண்டி போயிற்று. வண்டிக்காரர் ஆமையைக் கண்டால் மாட்டை நிறுத்தினார், இறங்கி அதை ஓரமாக எடுத்து வைத்தார், மீண்டும் ஏறிக்கொண்டார். இன்றைய சாலையில் நிற்பார் யாருமில்லை. நின்றால் பின்னால் வருபவர் விடுவதுமில்லை.

மழைக்காலத்தில் கடலூருக்கும் சிதம்பரத்திற்கும் இடையே பேருந்தில் சன்னலோரம் அமர்ந்து வரும் நண்பர்கள், தார்ச்சாலையின் நடுவே நசுங்கிக் கிடக்கும் ஆமையோட்டைப் பார்த்திருப்பார்கள். சிலர் முகத்தைத் திருப்பிக்கொண்டிருப்பார்கள். சிலர் ‘ஐயோ பாவம்!’ என்றிருப்பார்கள். அந்தப் ‘பாவம்’ என்ற சொல்லைப் பற்றித்தான் நான் எழுத வந்தேன். ஓர் உயிரின் மீது இரக்கம் கொள்வது நல்லது. ஆனால் இரக்கத்திற்குக் கண் வேண்டும். கண்ணில்லாத இரக்கம் காப்பாற்றப் போன உயிரையே கொன்றுவிடும். இதை நான் எந்த நூலிலும் படித்துச் சொல்லவில்லை. அப்படி ஓர் உயிரைக் கொன்றவன் என்ற முறையில் சொல்கிறேன்.

நான் செய்த பிழை

அப்போது நான் ஒன்பதாம் வகுப்பு மாணவன். ஐப்பசி அடைமழை இரண்டு நாள் பெய்து ஓய்ந்திருந்தது. என் பெரியப்பா மகன் வண்டியில் என்னைப் பின்னால் ஏற்றிக்கொண்டு கடலூருக்கு வந்துகொண்டிருந்தார். ஆலப்பாக்கத்தைத் தாண்டும்போது சாலையின் நடுவே ஒரு கரும்பச்சைக் கல் கிடப்பது போல் தெரிந்தது. அருகே போனதும் அது ஆமை என்று அறிந்தோம். ஒரு லாரி அதைத் தன் சக்கரங்களுக்கு இடையே விட்டுவிட்டுக் கடந்து போனது. ஆமை தலையை உள்ளே இழுத்துக்கொண்டு அசையாமல் இருந்தது.

அண்ணன் வண்டியை நிறுத்தினார். நான் ஓடிப் போய் அதை எடுத்தேன். எங்கள் இருவருக்கும் ஏற்பட்ட மகிழ்ச்சியைச் சொல்லி முடியாது. ஓர் உயிரைக் காப்பாற்றிவிட்டோம்! அடுத்த கேள்வி, இதை எங்கே விடுவது? அண்ணன் சிறிதும் தயங்காமல் சொன்னார்: “ஆமைன்னா கடல்லதானடா விடணும்.” எனக்கும் அது சரியென்றே பட்டது. வண்டியில் கிடந்த சாக்குப் பையில் அதைப் போட்டுக் கட்டி, மடியில் வைத்துக்கொண்டு, தேவனாம்பட்டினம் கடற்கரைக்கே வந்து சேர்ந்தோம்.

கடல் கொந்தளிப்பாக இருந்தது. ஈர மணலில் விட்டோம். ஓர் அலை வந்து அதைப் புரட்டிக் கரையிலேயே போட்டது. மறுபடி விட்டோம், மறுபடியும் அலை அதைத் திருப்பித் தந்தது. “இன்னும் உள்ள தள்ளி விடணும்” என்று அண்ணன் சொல்ல, நான் முழங்கால் வரை நீரில் இறங்கி, அலை உடையும் இடத்திற்கு அப்பால் விழுமாறு முழு வலிமையோடு வீசினேன். இம்முறை அது திரும்பி வரவில்லை. நாங்கள் கைதட்டி ஆரவாரம் செய்தோம்.

வலை உலர்த்திக்கொண்டிருந்த முதியவர் ஒருவர் எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“என்னாத்த தம்பி கடல்ல போட்டீங்க?” என்றார்.

“ஆமை தாத்தா. ரோட்டுல கெடந்துது. காப்பாத்திக் கொண்டாந்தோம்” என்றேன் பெருமையோடு.

“கால் எப்படி இருந்துது? துடுப்பு மாதிரியா, நகம் வச்சா?”

“நகம் இருந்துது தாத்தா.”

“அது ஏரி ஆமையாச்சே தம்பி. அதக் கொண்டாந்து உப்புல போட்டுட்டீங்களே” என்றார். அவ்வளவுதான். எங்களைத் திட்டவும் இல்லை. வலையை உதறப் போய்விட்டார்.

நாங்கள் வெகுநேரம் அலையைப் பார்த்துக்கொண்டு நின்றோம். கடல் இரண்டு முறை திருப்பிக் கொடுத்ததை மூன்றாம் முறை நானல்லவா பிடிவாதமாகக் கொடுத்தேன்?

இரண்டு கால்கள், இரண்டு உலகங்கள்

முதியவர் சொன்னதன் முழுப் பொருள் கல்லூரிக்கு வந்து இரண்டாம் ஆண்டில்தான் எனக்கு விளங்கியது. ஆய்வுக்கூடத்தில் பேராசிரியர் இரண்டு ஆமைகளின் கால் எலும்புகளை அருகருகே வைத்துப் பாடம் நடத்தினார். கடலாமையின் முன்கால் துடுப்பாகவே மாறிவிட்டது. விரல்கள் நீண்டு ஒன்றோடொன்று இணைந்துவிட்டன. அதைக் கொண்டு பல நூறு கல் தொலைவு நீந்தலாம். தரையில் நன்றாக நடக்க முடியாது. நன்னீர் ஆமையின் காலில் தனித்தனி விரல்களும் நகங்களும் உண்டு. விரல்களுக்கு இடையே சவ்வு உண்டு. ஏரியில் நீந்தவும் சேற்றைத் தோண்டவும் வரப்பில் ஏறி நடக்கவும் ஏற்ற கால் அது.

இன்னொரு வேற்றுமை கண்ணில் படாதது. கடலாமை முட்டையிட வரும்போது கண்ணீர் வடிக்கிறது என்று நம் கடற்கரை மக்கள் சொல்வார்கள். அது அழுகை அன்று. உடலில் மிகுதியாகச் சேரும் உப்பைக் கண்ணருகே உள்ள சுரப்பிகள் வழியாக அது வெளியேற்றுகிறது. ஏரி ஆமைக்கு அந்த ஏற்பாடு இல்லை. கடல்நீர் அதன் உடலிலுள்ள நீரை வற்றச் செய்யும். கடல் நடுவே தாகத்தால் சாவது போன்ற சாவு அது!

நான் எறிந்த ஆமை பால் ஆமை என்று நம் பக்கத்தில் வழங்கப்படும் இனம். ஓட்டின் மேல் மெல்லிய தோல் போர்த்தியிருக்கும். பின்னங்கால்களை உள்ளிழுத்துக்கொண்டால் அவற்றை மூடிக்கொள்ளக் கதவு போன்ற இரண்டு தோல் மடல்கள் உண்டு. ஏரி, குளம், வாய்க்கால், நெல்வயல் இவையே அதன் நாடு. தவளை, மீன், நத்தை, நீர்ச்செடி ஆகியவற்றை உண்டு வாழும். கோடையில் நீர் வற்றினால் சேற்றுக்குள் புதைந்து மழை வரும்வரை காத்துக் கிடக்கும். வற்றிய குளத்தில் மாதக்கணக்கில் பொறுமையோடு காத்திருக்கக் கற்ற உயிரை நான் ஒரே வீச்சில் முடித்துவிட்டேன்.

வள்ளுவர் ஆமையும் தார்ச்சாலை ஆமையும்

திருவள்ளுவர் அடக்கமுடைமை அதிகாரத்தில் ஆமையை உவமையாக்கினார். ஆமை தன் உறுப்புகளை ஓட்டுக்குள் அடக்கிக்கொள்வது போல் மனிதன் ஐம்பொறிகளை அடக்க வேண்டும் என்றார். பள்ளிப் பருவத்தில் நாம் எல்லோரும் மனப்பாடம் செய்த குறள் அது. ஆமையின் அடக்கம் அதற்குக் காவல். நரி வந்தாலும் நாய் வந்தாலும் ஓட்டுக்குள் ஒடுங்கிக் கிடந்தால் ஆபத்து போய்விடும். ஆமை இனம் 20 கோடி ஆண்டுகளுக்கும் மேலாக இவ்வுலகில் வாழ்ந்து வருகிறது. அந்த நெடுங்காலமும் இந்தப் பாடம் அதற்குப் பயன்பட்டது.

ஆனால் லாரிச் சக்கரம் நரியன்று. சத்தம் கேட்டவுடன் ஆமை செய்யக் கற்றது ஒன்றே ஒன்று: நிற்பது. சாலையில் நின்றால் சாவு. எந்த அடக்கத்தை வள்ளுவர் போற்றினாரோ அந்த அடக்கமே இன்று அதற்குக் கூற்றுவனாகிவிட்டது. மோட்டார் வாகனம் தோன்றி நூற்றைம்பது ஆண்டுகூட ஆகவில்லை. 20 கோடி ஆண்டுப் பழக்கத்தை நூற்றைம்பது ஆண்டில் மாற்றிக்கொள்ள ஆமையால் முடியாது. மாறக்கூடியவன் மனிதன் ஒருவனே.

ஆமையா குறுக்கே வந்தது?

‘ஆமை ஏன் சாலைக்கு வருகிறது?’ என்று கேட்கிறோம். கேள்வியே தவறு. ஆலப்பாக்கம், புதுச்சத்திரம், பு.முட்லூர் வழியாகச் சிதம்பரம் செல்லும் சாலையை மனத்தில் கொண்டு வாருங்கள். மேற்கே பெருமாள் ஏரி. அதன் பாசன வாய்க்கால்கள், பரவனாறு, குட்டைகள், வயல்கள். கிழக்கே உப்பங்கழிகள், மணல் மேடுகள், தோப்புகள். இந்த நீர்நிலைகளுக்கு இடையே ஆமைகள் நெடுங்காலமாகப் போய் வந்தன. அவற்றின் நடுவே நாம் சாலை போட்டோம். 45-ஏ என்று முன்பு எண்ணிடப்பட்டிருந்த அந்த நெடுஞ்சாலையை அண்மை ஆண்டுகளில் நான்கு வழியாக விரிக்கும் பணியும் மேற்கொள்ளப்பட்டது. மேட்டில் சாலை, நடுவே தடுப்பு. பாதிச் சாலையைக் கடந்த ஆமை அந்தத் தடுப்பில் முட்டிக்கொண்டு, ஏறவும் முடியாமல் திரும்பவும் தெரியாமல் அதன் ஓரமாகவே நடந்துகொண்டிருக்கும். முடிவு என்னவென்று நான் சொல்ல வேண்டியதில்லை.

அப்படி நடப்பதற்கு ஆமைக்குக் காரணங்கள் உண்டு. குட்டை வற்றினால் நீர் தேடிப் போகிறது. மழை பெய்து வயல்கள் நிரம்பினால் புது நீருக்குப் போகிறது. பெண் ஆமை முட்டையிடுவதற்கு வெள்ளம் ஏறாத மேட்டு நிலம் தேடிப் போகிறது. இதில் கடைசிக் காரணம் மிகவும் கவனிக்கத்தக்கது. சாலையில் அடிபடுவது பெரும்பாலும் ஏதோ ஒரு வேலையாகப் புறப்பட்ட முதிர்ந்த ஆமை. ஆமை இனத்தில் முட்டைகளும் குஞ்சுகளும் ஏராளமாக அழிந்துபோகும். அது இயற்கையின் கணக்கு. தப்பிப் பிழைத்து வளர்ந்த சிலவே பல ஆண்டுகள் வாழ்ந்து, ஆண்டுதோறும் முட்டையிட்டு அந்த இழப்பை ஈடு செய்கின்றன. எனவே நூறு முட்டை அழிவதைவிட ஒரு தாய் ஆமை அழிவது இனத்திற்குப் பெரிய இழப்பு. சாலை அந்தத் தாயைத்தான் தேடிப் பிடித்துக் கொல்கிறது.

அது போகும் திசையே நம் திசை

சரி, சாலையில் ஆமையைக் கண்டால் என்ன செய்வது? நான் பிழை செய்து கற்றதைச் சுருங்கச் சொல்கிறேன்.

முதலில் உங்கள் உயிர். வண்டியைச் சாலையை விட்டு ஓரமாக நிறுத்துங்கள். இரு பக்கமும் பார்த்துவிட்டு இறங்குங்கள். வளைவிலும் பாலத்திலும் இருட்டிலும் ஓடிப் போய் வீரம் காட்ட வேண்டாம். ஆமைக்காக மனிதன் சாவதை எந்த அறமும் கேட்கவில்லை.

அடுத்து, ஆமையின் முகம் எந்தப் பக்கம் இருக்கிறது என்று பாருங்கள். ஓட்டின் இரு பக்கமும் பின்புறமாகப் பிடித்து, தரையை ஒட்டியே தாழ்வாகத் தூக்கிச் செல்லுங்கள். வாலைப் பிடித்துத் தூக்காதீர்கள். தலைகீழாகக் கவிழ்க்காதீர்கள். பால் ஆமையின் கழுத்து நாம் நினைப்பதைவிட நீளமானது. கடித்தால் நன்றாகவே கடிக்கும். அது எந்தப் பக்கம் போய்க்கொண்டிருந்ததோ அந்தப் பக்கத்துச் சாலையோரத்தைத் தாண்டி, சரிவுக்குக் கீழே விடுங்கள். வந்த பக்கமே திருப்பி விட்டால், நீங்கள் வண்டியில் ஏறியதும் அது மறுபடி சாலையில் ஏறும். பின்னர் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். ஆமையின் உடலில் நோய்க்கிருமிகள் இருக்கக்கூடும்.

ஓடு உடைந்திருந்தால் ‘இனிப் பிழைக்காது’ என்று தீர்ப்புச் சொல்லிவிடாதீர்கள். ஆமையோடு உயிருள்ள எலும்பு, அதில் குருதி ஓடுகிறது, அடிபட்டால் வலிக்கும், மருத்துவம் செய்தால் ஆறவும் ஆறும். காற்றுப் புகும் பெட்டியில் வைத்து வனத்துறையிடமோ கால்நடை மருத்துவரிடமோ சேர்ப்பியுங்கள்.

செய்யக் கூடாதவை மூன்று. கடலில் விடாதீர்கள், அதன் கதையைச் சொல்லிவிட்டேன். கோயில் குளத்தில் விடுவதையும் யோசியுங்கள். கூர்மாவதாரம் என்று பக்தியோடுதான் விடுகிறோம். ஆனால் நான்கு பக்கமும் கற்படி கட்டிய குளத்தில் முட்டையிட மண் ஏது? மூன்றாவது, வீட்டுக்குக் கொண்டு போகாதீர்கள். 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் பால் ஆமையும் நட்சத்திர ஆமையும் கடலாமைகளும் இடம்பெற்றுள்ளன. அவற்றைப் பிடித்தாலும் வளர்த்தாலும் விற்றாலும் 3 ஆண்டு முதல் 7 ஆண்டு வரை சிறையும், 25,000 ரூபாய்க்குக் குறையாத அபராதமும் விதிக்க இன்று சட்டத்தில் இடமுண்டு. ஆமையைத் தொட்டி கட்டி வளர்த்தால் ஆமையும் அதிகாரியும் ஒன்றாகவே வீடு புகுவார்கள். நம் பழமொழி பலித்துவிடும்!

நம் கடற்கரையில் பொய் சொல்லும் விளக்கு

தேவனாம்பட்டினத்தில் படிக்கும் நமக்கு இன்னொரு கடமையும் உண்டு. நம் கல்லூரிக்கு அருகிலேயே விரிந்து கிடக்கும் வெள்ளிக் கடற்கரைக்கும் இம்மாவட்டத்தின் மற்றக் கடற்கரைகளுக்கும் ஆண்டுதோறும் தை மாதத்தை ஒட்டிப் பங்குனி ஆமைகள் வருகின்றன. இரவில் கரையேறி, மணலில் குழி பறித்து, நூறு முட்டைகள் அளவில் இட்டு மூடிவிட்டுக் கடலுக்குத் திரும்புகின்றன. ஆமை முட்டையை மணலில் மறைத்துப் புதைக்கும் காட்சியை அகநானூற்றின் நெய்தல் பாடலொன்று கண்முன் காட்டுகிறது. ஈராயிரம் ஆண்டுக்கு முன் புலவன் கண்ட காட்சியை இன்றும் காணும் பேறு பெற்ற கல்லூரி தமிழ்நாட்டில் எத்தனை இருக்கும்?

45 முதல் 60 நாளில் குஞ்சுகள் பொரித்து மேலே வருகின்றன. பெரும்பாலும் இரவில்தான் வரும். இருண்ட கரையில் வானம் கடலின் மேல்தான் சற்று வெளிச்சமாக இருக்கும். வெளிச்சம் உள்ள பக்கம் கடல் என்பது குஞ்சுக்குப் பிறவியிலேயே தெரியும். யாரும் அதற்குச் சொல்லித் தருவதில்லை. நாம் என்ன செய்தோம்? கடலுக்கு எதிர்ப்பக்கத்தில் சாலை போட்டு, அதில் கடலைவிடப் பன்மடங்கு ஒளிவிடும் விளக்குகளை நட்டோம். குஞ்சு விளக்கை நம்புகிறது. கடலுக்கு முதுகு காட்டிச் சாலையை நோக்கி நடக்கிறது. விடியும்போது நாயும் காக்கையும் வெயிலும் சக்கரமும் அதற்காகக் காத்திருக்கின்றன.

இங்கே மட்டும் நான் முன்பு சொன்ன விதி மாறும். ஏரி ஆமையை அது போகும் திசையில் விட வேண்டும். விளக்கைத் தேடிச் சாலைக்கு வந்த கடலாமைக் குஞ்சைக் கடல் பக்கம் திருப்ப வேண்டும். ஏனென்றால் அந்தத் திசை அது தேர்ந்த திசை அன்று. நாம் பொய் சொல்லி ஏமாற்றிய திசை. வனத்துறை நம் மாவட்டக் கடற்கரையில் முட்டைகளைச் சேகரித்துப் பொரிப்பகங்களில் காத்துக் குஞ்சுகளைக் கடலில் விடுகிறது. அது பாராட்டுக்குரிய பணி. ஆயினும் பொரிப்பகத்துக்கு வந்து சேராத முட்டைகளும் உண்டல்லவா? தை முதல் சித்திரை வரை கடற்கரை விளக்குகளை இரவு பத்து மணிக்கு மேல் அணைப்பது அல்லது கடல் பக்கம் ஒளி விழாதபடி மறைப்பது பெரிய செலவில்லாத காரியம்.

இது மாணவர்களால் ஆகாத காரியம் என்று எண்ண வேண்டாம். 1970-களில் ரோமுலஸ் விட்டேக்கர், சதீஷ் பாஸ்கர் முதலியோர் சென்னைக் கடற்கரையில் இரவெல்லாம் நடந்து கடலாமை முட்டைகளைத் தேடிக் காத்தனர். 1988-இல் சென்னை மாணவர்கள் தமக்கென ஒரு கடலாமைப் பாதுகாப்பு அமைப்பைத் தொடங்கினர். அந்த இரவு நடை இன்றும் நின்றுவிடவில்லை. இதே சென்னைக் கரையிலும் அதன் சுற்றுப்புறத்திலும் 2025 சனவரியில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பங்குனி ஆமைகள் இறந்து ஒதுங்கின. இழுவலைகளில் சிக்கி மூச்சு முட்டி இறந்ததே முதன்மைக் காரணமாகச் சொல்லப்பட்டது. கடலுக்குள்ளும் ஆமைக்கு ஒரு நெடுஞ்சாலை இருக்கிறது போலும்!

மனிதனுக்கே வழியில்லையே!

இவ்வளவும் படித்துவிட்டு ஒரு நண்பர் கேட்பார்: “நாள்தோறும் சாலையில் மனிதர்கள் செத்துக்கொண்டிருக்கிறார்கள். பள்ளிப் பிள்ளைகள் கடக்க வழியில்லை. நீ ஆமைக்கு வழி கேட்கிறாயே?”

நியாயமான கேள்வி. என் ஊரில் சாலைக்கு அந்தப்பக்கம் வயலும் இந்தப்பக்கம் வீடும் உள்ளவர்கள் பலர். என் பாட்டி புல்லுக்கட்டோடு சாலை ஓரம் நிற்பார். நான்கு வழியிலும் வண்டிகள் ஓயும்வரை நிற்பார். பாதி கடந்து, நடுத்தடுப்பைப் பிடித்துக்கொண்டு மறுபடி நிற்பார். ஆமை நிற்கும் அதே இடத்தில்! வேகமாக ஓட முடியாத உயிர்கள் அனைத்துக்கும் அந்தச் சாலை ஒரே நீதியைத்தான் வழங்குகிறது. ஆமையைக் காணாத கண் கிழவியையும் காண்பதில்லை. பந்தைத் துரத்தி ஓடிவரும் குழந்தையையும் காண்பதில்லை. கல்லா ஆமையா என்று வேகத்தைக் குறைத்துப் பார்க்கப் பழகிய ஓட்டுநர் கையில் என் பாட்டியின் உயிரும் பத்திரமாக இருக்கும். ஆகவே நண்பரே, ஆமைக்கு வழி கேட்பது மனிதனுக்கு எதிரான கோரிக்கை அன்று. இரண்டும் ஒரே கோரிக்கை.

அரசு என்ன செய்யலாம்?

ஒவ்வோர் ஆமைக்கும் ஒரு மாணவன் காவல் நிற்க முடியாது. சாலை போடும்போதே வழி விட வேண்டும். இது நடக்காத கனவல்ல. அமெரிக்காவில் புளோரிடா மாநிலத்தில் ஜாக்சன் ஏரியின் குறுக்கே 27-ஆம் எண் நெடுஞ்சாலை செல்கிறது. ஏரி வற்றும் காலத்தில் ஆமைகள் மறுபக்கம் போக முயன்று திரள் திரளாக நசுங்கின. 2000-ஆம் ஆண்டில் மாத்யூ அரெஸ்கோ என்ற ஆய்வு மாணவர் அவற்றைக் கண்டு மனம் பொறாமல், சாலையோரம் தற்காலிக வேலி கட்டினார். சாலைக்கு அடியில் இருந்த பழைய குழாய்ப் பாலத்தின் பக்கம் ஆமைகளைத் திருப்பினார். அவரும் ஊர்மக்களும் விடாமல் முயன்றதன் பயனாக 2010-இல் அங்கே நிலையான தடுப்புச் சுவரும் அடிவழிகளும் கட்டி முடிக்கப்பட்டன. சப்பானில் 2015-இல் ஆமைகள் சிக்கிக்கொள்ளாமல் தண்டவாளத்தின் கீழே கடந்து போகச் சிறு கால்வாய்கள் அமைத்தனர். நம் நாட்டிலேயே பெஞ்ச் காட்டின் ஊடே செல்லும் 44-ஆம் எண் நெடுஞ்சாலையில் விலங்குகள் கடக்க அடிப்பாலங்கள் இருக்கின்றன. புலிக்குக் கட்டிய பாலத்தில் நூற்றில் ஒரு பங்கு அளவு போதும் ஆமைக்கு!

நம் சாலைகளில் புதிதாகக் கட்டவும் தேவையில்லை. வாய்க்கால்களுக்காகப் போட்ட சிறுபாலங்கள் ஏற்கெனவே இருக்கின்றன. அவற்றில் பல குப்பையாலும் மண்ணாலும் தூர்ந்து கிடக்கின்றன. தூர் எடுத்தால் மழைநீரும் போகும், ஆமையும் போகும். சிறுபாலத்தின் இருபுறமும் முழங்கால் உயரத்திற்குத் தடுப்புக் கட்டினால் ஆமை தானே அந்த வழிக்குத் திரும்பும். நடுத்தடுப்பில் ஆங்காங்கே அடிப்பக்கம் ஒரு சாண் இடைவெளி விட்டால் போதும். எந்த இடங்களில் ஆமைகள் மிகுதியாக அடிபடுகின்றன என்ற கணக்கை யார் எடுப்பது? நாள்தோறும் அந்தச் சாலையில் பேருந்தில் வரும் நாம் எடுக்கலாம். ஒரு நோட்டும் பேனாவும் இருந்தால் நம் விலங்கியல் துறை மாணவர்கள் இரண்டு மழைக்காலத்தில் இம்மாவட்டத்திற்கே ஒரு வரைபடம் தந்துவிடலாம். நாட்டு நலப்பணித் திட்ட முகாமில் ஒரு சிறுபாலத்தைத் தூர் எடுத்தாலும் அது நலப்பணிதானே?

பேருந்து நின்ற இரண்டு நிமிடம்

சென்ற ஆண்டு ஐப்பசியில் நடந்ததைச் சொல்லி முடிக்கிறேன். காலையில் கல்லூரிக்கு வரும் பேருந்து. நிற்க இடமில்லாத கூட்டம். புதுச்சத்திரம் தாண்டி ஓட்டுநர் திடீரென வேகத்தைக் குறைத்து ஓரமாக நிறுத்தினார். முன்னால் நின்ற நான் எட்டிப் பார்த்தேன். சாலையில் ஒரு பால் ஆமை.

“என்னாப்பா, ஏன் நிக்குது?” என்று பின்னாலிருந்து குரல்கள். முன்னிருக்கையில் இருந்த மூதாட்டி, “ஆமை குறுக்க வந்துட்டுதே, போற காரியம் வெளங்குமா?” என்றார்.

நடத்துநர் சிரித்தார். “ஆயா, அதுக்குக் குறுக்க நாமதான் வந்துட்டோம்.”

நான் இறங்கினேன். கை நடுங்கியது. சில ஆண்டுகளுக்கு முன் மடியில் கனத்த அதே கனம். ஓட்டுநர் தலையை வெளியே நீட்டி, “தம்பி, அது மொகம் எந்தப் பக்கம் இருக்குதோ அந்தப் பக்கமே வுட்டுட்டு வா” என்றார். அவர் எந்தக் கல்லூரியில் விலங்கியல் படித்தார் என்று நான் கேட்கவில்லை. சாலையின் கிழக்குச் சரிவில் இறங்கி, வயலோரத்தில் விட்டேன். சிறிது நேரம் ஒடுங்கிக் கிடந்தது. பிறகு கழுத்தை நீட்டிப் பார்த்துவிட்டு நீருக்குள் போயிற்று. திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஏன் பார்க்க வேண்டும்? நான் அதற்கு நன்மை எதுவும் செய்யவில்லை. அதன் வழியை அதற்குத் திருப்பிக் கொடுத்தேன், அவ்வளவே.

பேருந்தில் ஏறியபோது அந்த மூதாட்டி தம் கூடையை நகர்த்தி எனக்கு நிற்க இடம் கொடுத்தார். அன்று முதல் மணி வகுப்புக்குத் தாமதமாகத்தான் போனேன். வருகைப் பதிவில் ஒரு மணி நேரம் போயிற்று. அந்த இழப்புக்காக நான் வருந்தவில்லை. நான் வருந்துவது, மூன்றாம் முறையும் கரைக்கு வந்துவிட மாட்டாதா என்று இன்றும் இந்தக் கடலைப் பார்க்கும்போதெல்லாம் நினைவுக்கு வரும் அந்த முதல் ஆமைக்காகத்தான்.

அன்புத் தோழர்களே! அடுத்த மழைக்கு அந்தச் சாலையில் மறுபடியும் ஆமைகள் நடக்கும். நாமும் அதே சாலையில் வருவோம். இரண்டு நிமிடம் நிற்போம். ஆமைக்கும் வழி விடுவோம்!